தண்ணீரில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அந்த ஞானஸ்நானம் செல்லுமா?

ஆறு வாரத்துக்கு முன்பு முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற ஒரு சகோதரியின் கேள்வி இது: "எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கியவர்கள் அழுதுகொண்டே எழுந்தார்கள். பாரம் இறங்கியது, உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று சாட்சி சொன்னார்கள். எனக்குத் தண்ணீர் குளிர்ந்தது. மூச்சு முட்டிவிடுமோ என்று பயம் வந்தது. எழுந்ததும் நனைந்த துணி உடம்போடு ஒட்டுகிறதே என்று கூச்சமாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை. ஆண்டவரை நான் உண்மையாகத்தான் நம்புகிறேன். ஆனால் என் ஞானஸ்நானம் செல்லுமா? மறுபடியும் எடுக்க வேண்டுமா?"

செல்லும், சகோதரி. மறுபடியும் எடுக்க வேண்டாம். இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் இதே கேள்வி என்னை இரண்டு வருடம் அரித்திருக்கிறது, அதனால் முழுதாகவே சொல்கிறேன். பதினெட்டு வருடமாக எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தொட்டிப் படியில் துண்டோடு நிற்பதும் நான்தான். நீங்கள் கேட்டதை வாய்விட்டுக் கேட்டவர்கள் குறைவு. மனசுக்குள் கேட்டுக்கொண்டே படியேறி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தொட்டியில் இடுப்பளவு தண்ணீர். இறங்கியதும் வெள்ளை அங்கிக்குள் காற்று புகுந்து அது குடைபோல நீர்மேல் உப்பிக்கொண்டது. இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டே போதகர் நின்ற இடத்துக்கு நடந்தேன். அவர் என் வலது கையை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், இடது கையை வலது மணிக்கட்டின்மேல் வைத்தார். அவருடைய ஒரு கை என் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே. "முழங்காலை மடக்கி என் கையில் சாய்ந்துவிடும்மா" என்று காதருகே மெல்லச் சொன்னார். அப்புறம் என் பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று உரக்கச் சொல்லிப் பின்பக்கமாகச் சாய்த்தார். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் மேலே பாடிக்கொண்டிருந்த பாட்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. என் முழங்கை ஒன்று வெளியே நின்றிருக்க வேண்டும், இன்னொரு கை அதையும் அமுக்கியது. எழுந்ததும் இருமினேன். படியில் ஓர் அக்கா பெரிய துண்டை விரித்துப் பிடித்திருந்தார். அதற்குள் நுழைந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

அன்று மாலைக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று, "சொல்லிமுடியாத சந்தோஷம் என்னை நிரப்பியது" என்றேன். அது பொய். எல்லாரும் அப்படிச் சொன்னார்கள், நானும் சொன்னேன். கேட்டவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். அந்தப் பொய்தான் என்னை உறுத்தியது. கர்த்தருக்கு முன்பாகச் சொன்ன முதல் சாட்சியே பொய்யென்றால், தண்ணீரில் நடந்ததும் பொய்யாகத்தானே இருக்கும் என்று தோன்றும். இரவில் படுத்தால் அந்த வாக்கியம் காதில் கேட்கும். நீங்கள் பொய் சொல்லாமல் கேள்வியாகவே கேட்டுவிட்டீர்கள். அதற்காக உங்களை மெச்சுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே ஒரு சொல்லைக் கவனியுங்கள். "எடுக்க வேண்டுமா" என்று கேட்கிறீர்கள். நாமெல்லாரும் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம்: ஞானஸ்நானம் எடுத்தேன், எப்போது எடுக்கப்போகிறாய். வேதாகமத்தைத் திறந்தால் ‘பெற்றார்கள்’ என்றிருக்கிறது. பேச்சுவழக்கைத் திருத்துவது என் நோக்கமில்லை, நானும் எடுத்தேன் என்றுதான் பேசுவேன். ஆனால் ‘எடுத்தேன்’ என்னும்போது தேர்வு எழுதியதுபோல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. சரியாக எடுத்தேனா, முழு மனதோடு எடுத்தேனா, மதிப்பெண் வந்ததா என்று. ‘பெற்றேன்’ என்றால் கண் கொடுத்தவர் பக்கம் திரும்புகிறது. தனக்குத்தானே யாரும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் கையில் உடம்பை விட்டுவிட வேண்டியிருக்கிறது. நீங்கள் அன்று செய்ததெல்லாம் சாய்ந்ததுதான்.

வேதாகமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் உணர்வு எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். நான் தேடியிருக்கிறேன். எத்தியோப்பிய மந்திரி "இதோ, தண்ணீர் இருக்கிறதே" என்று ரதத்தை நிறுத்துகிறார், ஞானஸ்நானம் பெற்றபின் சந்தோஷத்தோடே தன் வழியே போகிறார். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனும் நள்ளிரவில் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்று மனமகிழ்ச்சியாயிருக்கிறான். சரி, சந்தோஷம் உண்டு, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பவுலைப் பாருங்கள். மூன்று நாள் கண் தெரியாமல், சாப்பிடாமல் குடியாமல் கிடந்தவர். அனனியா வந்து கை வைக்கிறார், பார்வை வருகிறது, எழுந்து ஞானஸ்நானம் பெறுகிறார். அடுத்த வசனம்: "பின்பு அவன் போஜனம்பண்ணிப் பலப்பட்டான்." சபையின் மிகப் பெரிய அப்போஸ்தலரின் ஞானஸ்நானத்தைப் பற்றி அந்த இடத்தில் நமக்குக் கிடைப்பது, அதன்பின் அவர் சாப்பிட்டார் என்பதுதான்! எனக்கு அந்த வசனம் அவ்வளவு பிடிக்கும்.

இயேசுவுக்கும் அப்படியே. யோர்தானிலிருந்து கரையேறியபோது அவர் என்ன உணர்ந்தார் என்று மாற்கு எழுதவில்லை. பிதா என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறார்: "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்." அதுவும் எப்போது? இன்னும் ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை. செய்ததற்குக் கூலியாக வந்த பாராட்டில்லை அது. உடனே ஆவியானவர் அவரை வனாந்தரத்துக்குப் போகச் செய்கிறார், நாற்பது நாள் சோதனை. ஞானஸ்நானத்துக்கு அடுத்த வாரம் மனசு வறண்டுபோகிறது என்று வகுப்பில் யாராவது சொன்னால் இந்தப் பகுதியைத்தான் வாசிக்கக் கொடுப்பேன்.

இப்போது நீங்கள் சொன்ன மூன்று விஷயங்களுக்கு வருகிறேன்: குளிர், மூச்சு, ஒட்டிய துணி. இவற்றைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை என்கிறீர்கள். என்னைக் கேட்டால், ஞானஸ்நானத்தின் பொருள் முழுவதும் அந்த மூன்றுக்குள்ளேயே இருக்கிறது.

குளிரைச் சுருக்கமாக முடிக்கிறேன். புதிய ஏற்பாட்டுக்கு வெளியே ஞானஸ்நானம் கொடுக்கும் முறையைச் சொல்லும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று டிடாக்கே, ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’. முதல் நூற்றாண்டின் முடிவிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்தது. ஓடும் தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு. குளிர்ந்த நீரில் முடியாவிட்டால் வெந்நீரில் கொடு. இரண்டும் போதாவிட்டால் தலைமேல் மூன்று முறை ஊற்று என்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் முன்னதாக உபவாசம் இருக்கச் சொல்கிறது. பெறுபவருக்குச் சிலிர்க்க வேண்டும், கண்ணீர் வர வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. தண்ணீர் குளிரும் என்று அவர்களுக்குத் தெரியும், அதற்கு வழியும் யோசித்து வைத்திருந்தார்கள்.

மூச்சு விஷயம் பெரியது. ‘பாப்டிஸோ’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். கடலில் கப்பல் மூழ்குவதைச் சொல்லவும் அக்காலத்து எழுத்தாளர்கள் அதே சொல்லைக் கையாண்டிருக்கிறார்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸின் எழுத்திலும் அப்படி வருகிறது. ஆகவே அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் ஆபத்து இருக்கிறது. பவுல் அதை மறைக்காமல் ரோமருக்கு எழுதுகிறார்: "அவருடைய மரணத்திற்குள்ளாக்கும் ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம்." அடக்கம்! கழுவுவதற்கு ஒரு செம்பு தண்ணீர் போதும், அடக்கம் பண்ணுவதற்கு ஆளையே உள்ளே வைக்க வேண்டும். பல சபைகளில் பின்பக்கமாகச் சாய்ப்பதை நினைத்துப் பாருங்கள். முகம் மேலே பார்க்க, கையை நெஞ்சருகே சேர்த்து, முதுகைத் தாங்கி இறக்குவது. பிரேதத்தை இறக்குவதும் அப்படித்தானே. மூச்சு முட்டுமோ என்ற பயம் உங்கள் ஞானஸ்நானத்துக்கு இடைஞ்சலாக வந்தது என்று நினைக்கிறீர்கள். அந்த இரண்டு விநாடியில் உங்கள் உடம்பு ரோமர் ஆறாம் அதிகாரத்தைப் புரிந்துகொண்டது, மனசுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர நாளாகும் என்பதை ஆதிச் சபை நன்றாகவே அறிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் எப்படி நடந்தது என்று ஆயர் சிரிலின் பெயரில் வழங்கும் சொற்பொழிவுகளில் பார்க்கலாம். ஞானஸ்நானம் பெறுகிறவர் முதலில் மேற்கே திரும்பிக் கை நீட்டிச் சாத்தானை விட்டு விலகுவதாகச் சொல்ல வேண்டும், பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். பழைய ஆடையைக் களைந்து, எண்ணெய் பூசப்பட்டு, மூன்று முறை தண்ணீரில் அமிழ வேண்டும்; மூன்று முறை என்பது கிறிஸ்து கல்லறையில் இருந்த மூன்று நாளுக்கு அடையாளம். உள்ளே இருக்கும்போது இரவில்போல ஒன்றும் தெரியவில்லை, எழும்போது பகலில் இருப்பதுபோல ஆனீர்கள் என்கிறார். அதே இடத்தில், அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையும் ஆயிற்று, தாயும் ஆயிற்று என்று ஒரே மூச்சில் சொல்கிறார்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்த விளக்கமெல்லாம் அவர்களுக்கு எப்போது சொல்லப்பட்டது தெரியுமா? ஞானஸ்நானத்துக்குப் பிறகு! ஈஸ்டர் இரவில் தண்ணீரில் இறங்கி எழுந்தவர்களை அடுத்து வந்த நாட்களில் கூட்டி உட்காரவைத்து, அன்று உங்களுக்கு நடந்தது இதுதான் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். மிலான் நகரத்து ஆயர் அம்புரோசும் அப்படியே செய்தார். பெறாதவர்களுக்கு முன்கூட்டியே விளக்குவது போதிப்பதாகாது, இரகசியத்தைக் காட்டிக்கொடுப்பதாகும் என்பது அவர் எண்ணம். விசுவாசப் போதனை முன்னால் நீண்ட நாள் நடந்தது, ஆனால் தண்ணீரின் பொருள் பின்னால்தான் திறந்தது. நாம் எல்லாவற்றையும் முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டு, சொன்னதெல்லாம் அந்த இரண்டு விநாடியில் மனசில் பொங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நீங்கள் இப்போது ஆறாவது வாரத்தில் இருக்கிறீர்கள், பொருள் கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து ஒழுங்கில் இது சரியான நேரம்.

எனக்கு அது திறந்தது அப்பாவின் அடக்கத்தில். ஞானஸ்நானம் பெற்று இரண்டு வருடத்துக்குச் சற்றுமேல் ஆகியிருந்தது. பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். ஒருபக்கக் கயிறு கொஞ்சம் வேகமாக விட்டுப்போய்ப் பெட்டி சாய்ந்தது, யாரோ "பார்த்து, பார்த்து" என்றார்கள், பிறகு சமமாகப் போய்த் தரையைத் தொட்டது. அந்தச் சத்தம் கேட்ட நொடியில் என் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு கை இருப்பதுபோல இருந்தது. தொட்டியில் இருந்த அதே கை, அதே இடம். சாய்க்கும்போது அந்தக் கை முதுகை விட்டு எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இறக்கிய கைதான் தூக்கியது. அப்பாவும் ஒரு காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அவரை நாங்கள் இறக்கும் இடத்துக்கு அவர் ஏற்கெனவே ஒருமுறை கிறிஸ்துவோடு போய் வந்தவர் என்று நினைத்தேன். அதுவரை வராத அழுகை வந்தது. அருகில் நின்றவர்கள் அப்பாவுக்காக என்று நினைத்தார்கள், அதுவும்தான். அன்றிரவு படுத்தபோது என்னை இரண்டு வருடமாக உறுத்திய கேள்வி இல்லை.

சிரியா நாட்டில், யூப்ரட்டீஸ் ஆற்றின் கரையில் டூரா எவுரோப்போஸ் என்ற பழைய பட்டணத்தில் 1930களில் அகழ்ந்தபோது, கி.பி. 240 வாக்கில் ஒரு வீட்டையே சபையாக மாற்றி வைத்திருந்த இடம் கிடைத்தது. அதில் ஓர் அறை ஞானஸ்நானத்துக்கு. தண்ணீர்த் தொட்டி, மேலே விதானம், சுவரெல்லாம் ஓவியம். ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர் ஓர் ஓவியத்தில் இருக்கிறார். இன்னொன்றில் இயேசுவும் பேதுருவும் கடலின்மேல். பேதுரு அமிழ்ந்துபோகத் தொடங்கியதும் இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத் தொட்டி உள்ள அறையில் எந்தக் கதையை வரைய வேண்டும் என்று அந்த மக்கள் யோசித்தபோது, மூழ்குகிறவனைப் பிடித்த கையின் கதை அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றி முதன்முதல் வாசித்த நாளில் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

மூன்றாவது, ஒட்டிய துணி. இதைக் கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள். படியில் துண்டோடு நிற்பவள் சொல்கிறேன், ஏறி வரும் ஒவ்வொரு பெண்ணும் முதலில் செய்வது முன்பக்கத் துணியை உடம்பிலிருந்து இழுத்துவிடுவதுதான். கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை இப்போது வாசியுங்கள்: கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனைபேரோ "அத்தனைபேரும் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்களே." ஆடையைத் தரிப்பதுபோல அவரைத் தரித்தீர்கள். பழைய சபையில் தண்ணீரிலிருந்து எழுந்தவர்களுக்குப் புது வெள்ளை ஆடை உடுத்தினார்கள். ஈஸ்டர் வாரம் முழுதும் அதை உடுத்தியிருந்து, அடுத்த ஞாயிறு களைவார்கள். ஆடை களையப்பட்டாலும் தரித்தவர் களையப்படுவதில்லை. அன்று உங்களோடு ஒட்டிக்கொண்டவரை நீங்கள் இழுத்துவிட முடியாது.

சரி, "மறுபடியும்" என்ற பகுதிக்கு வருவோம். இங்கேதான் சபைகளுக்குள் பெரிய வேறுபாடு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை திருமுழுக்கு என்று சொல்லிக் குழந்தைக்கே கொடுக்கிறது, ஆர்த்தடாக்ஸ் சபைகள் குழந்தையை மூன்று முறை நீரில் அமிழ்த்தி எடுத்து அப்போதே எண்ணெய் பூசி நற்கருணையும் கொடுக்கின்றன. லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளிலும் குழந்தை ஞானஸ்நானம் உண்டு. மார்ட்டின் லூத்தர் 1483 நவம்பர் 10 அன்று பிறந்து மறுநாளே ஞானஸ்நானம் பெற்றவர். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள், விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் வயது வந்தபின்புதான் கொடுக்கின்றன. என் சபையும் அந்த வழிதான். இதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. 1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர் ஒருவருக்கொருவர் விசுவாச ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரி 5 அன்று அதே நகரத்து லிம்மாட் ஆற்றில் கட்டிப்போட்டு மூழ்கடித்தார்கள். தண்ணீரையே தண்டனையாக்கினார்கள். இதை நான் வகுப்பில் சொல்லும்போது குரல் தடுமாறாமல் சொல்ல முடிந்ததில்லை.

மறுஞானஸ்நானக்காரர் என்பது எதிராளிகள் அவர்களுக்கு வைத்த பெயர். தாங்கள் இரண்டாம் முறை பெற்றதாக அவர்கள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையாக இருந்தபோது நடந்தது ஞானஸ்நானமே இல்லை, இதுதான் முதலாவது என்றார்கள். ஆக இரண்டு தரப்பும் எபேசியருக்கு எழுதப்பட்ட "ஒரே ஞானஸ்நானம்" என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. எது அந்த ஒன்று என்பதில்தான் சண்டை. உணர்வு வரவில்லை, அதனால் மறுபடி கொடுங்கள் என்பதை இவர்களும் ஏற்பதில்லை, அவர்களும் ஏற்பதில்லை. குழந்தை ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கோ அன்றைய நாளின் ஒரு நினைவும் கிடையாது. ஆனால் அவர்களிலிருந்து எத்தனை பரிசுத்தவான்கள் எழும்பியிருக்கிறார்கள்! மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர், பிறகு குருவும் ஆனார். தன் இதயம் விநோதமாய் அனல்கொண்டது என்று அவர் எழுதியது 1738 மே 24 அன்று நடந்ததைப் பற்றி. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது ஆகப்போகிறது. இந்த விஷயத்தில் என் சபையின் போதனை வேறாக இருந்தாலும், அவருக்குத் தண்ணீருக்கும் அனலுக்கும் நடுவே அவ்வளவு வருடம் ஓடியதை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

கொடுத்தவர் சரியில்லையோ என்ற சந்தேகமும் சிலருக்கு வரும். கொடுத்த போதகர் பின்னாளில் தவறிப்போனார், அப்போது என் ஞானஸ்நானம் என்ன ஆவது என்பார்கள். இந்த வழக்கு வட ஆப்பிரிக்கச் சபையில், தவறிப்போன குரு கொடுத்தது செல்லாது என்ற டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினரால் நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் சொன்ன பதில் நிலைத்துவிட்டது: பேதுரு கொடுத்தாலும் கிறிஸ்துதான் கொடுக்கிறார், பவுல் கொடுத்தாலும் கிறிஸ்துதான் கொடுக்கிறார், யூதாஸ் கொடுத்தாலும் கிறிஸ்துதான் கொடுக்கிறார். கொடுப்பவரின் தகுதியில் அது நிற்காதென்றால், பெறுபவரின் சிலிர்ப்பில் மட்டும் எப்படி நிற்கும்? இந்த அகுஸ்தீன் மிகுந்த உணர்ச்சி உள்ளவர் என்பதையும் சொல்ல வேண்டும். 387 ஈஸ்டரில் மிலானில் அம்புரோசின் கையால், தன் மகனோடும் நண்பரோடும் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். கடந்த வாழ்க்கையைப் பற்றிய கவலை எங்களைவிட்டு ஓடிப்போயிற்று என்று எழுதினார், சபையின் பாட்டைக் கேட்டு அந்நாட்களில் எவ்வளவு அழுதார் என்றும் எழுதினார். அவர் இறங்கிய எண்கோணத் தொட்டியின் அடித்தளம் இன்றும் மிலான் பேராலயத்துக்குக் கீழே இருக்கிறது. அவ்வளவு அழுதவரே, ஞானஸ்நானம் எதில் நிற்கிறது என்று வாதாட வந்தபோது தன் கண்ணீரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விசுவாசமே இல்லாமல், திருமணத்துக்காகவோ வீட்டாரின் வற்புறுத்தலாலோ தண்ணீரில் இறங்கியவர் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் இவ்வளவு சுலபமாக இருக்காது. அவர் தன் போதகரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேதுரு எழுதுகிறார், ஞானஸ்நானம் "மாம்ச அழுக்கை நீக்குதலாயிராமல்" தேவனைப்பற்றும் நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை என்று. உடன்படிக்கைக்கு மனம் வேண்டும். உங்களுக்கு அது இருந்தது. ஆண்டவரை உண்மையாக நம்புகிறேன் என்று கேள்விக்குள்ளேயே எழுதிவிட்டீர்கள்.

படியில் நின்று நான் பார்த்ததையும் சொல்கிறேன். ஒரு பெண் அடக்க முடியாமல் அழுதுகொண்டே எழுந்தார், சபையே அவரோடு அழுதது. ஆறு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டார், இன்றும் அவருக்காக ஜெபிக்கிறேன். இன்னொருவர், தண்ணீரென்றாலே நடுங்குபவர். போதகரின் தோளைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். இரண்டு தடவை கால் நழுவி எழுந்துவிட்டார். மூன்றாம் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தார். எழுந்து வந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை, பல் மட்டும் கிட்டித்துக்கொண்டிருந்தது. துண்டைப் போர்த்தினேன். "முடிஞ்சிருச்சா அக்கா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். இப்போது தொட்டியின் மறுபக்கத்தில் நிற்பது அவர்தான். பயப்படுகிற பெண்களை நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், அவர் கையைப் பிடித்துத்தான் இறங்குவார்கள்.

இனி என்ன செய்யலாம் என்றால், ஞானஸ்நானத்தை அன்றாட உடையாகத் தினம் அணிந்துகொள்ள வேண்டும் என்று லூத்தர் தன் ஞானோபதேசத்தில் எழுதினார். பழைய ஆதாம் தினந்தோறும் மனந்திரும்புதலால் மூழ்கடிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு இது காலையில் முகம் கழுவும்போது நினைவுக்கு வரும். தண்ணீர் முகத்தில் படும்போது, நான் பெற்றவள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சில நாள் அதோடு ஒரு நன்றி எழும்பும், பல நாள் வெறும் தண்ணீராகவே இருக்கும். இரண்டு நாளும் சொல்வேன். அப்புறம், உங்கள் சபையில் அடுத்த ஞானஸ்நான ஆராதனை வரும்போது முன்வரிசைக்குப் போய் நில்லுங்கள். இறங்குகிறவரின் முகத்தைப் பார்க்காமல் போதகரின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தீர்கள்.

உங்களையும் ஒருநாள் சாட்சி சொல்ல எழுப்புவார்கள். என்னைப்போல் பயந்து எதையாவது சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் குளிர்ந்தது, பயந்தேன், முதுகில் கை இருந்தது, என் பெயரைச் சொன்னார்கள், எழுந்தேன் என்று சொல்லுங்கள். போன வருடம் நான் எங்கள் சபையில் எழுந்து நின்று, இருபத்திரண்டு வயதில் சொன்ன அந்தச் சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இதைத்தான் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள்.